மலையேற்றமும் முதுமையும்: வாசகர் கேள்வி – பதில்

மனித உடல் எப்படி இயங்குகிறது, முதுமையில் அந்த இயக்கம் ஏன் தளர்கிறது, ஓய்வு நேரத்தை எப்படிக் கழித்தால் தளர்ச்சி தள்ளிப்போகும் என்பனவற்றைப் பல்கலைக்கழகங்கள் தனித் துறைகள் அமைத்து ஆராய்ந்து வருவதைப் பற்றி முன்பு இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதையொட்டிச் சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: நான் சேலம் – ஏற்காடு தடத்தில் பல ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் எனக்கு மனப்பாடம். என்னோடு பணிபுரிந்த நடத்துநர் என்னைவிட மூத்தவர். இன்றும் விறுவிறுவென்று நடக்கிறார். எனக்கோ இதயத்தில் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. ஓட்டுநர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வரும் என்று ஆராய்ச்சி இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?
– ஓய்வு பெற்ற ஓட்டுநர், கோரிமேடு

ஐயா, உண்மைதான். இந்தத் துறைக்கே அடித்தளமிட்ட ஆய்வுகளில் ஒன்று பேருந்து ஊழியர்களைப் பற்றியதுதான். ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் லண்டன் நகரப் போக்குவரத்து ஊழியர்களின் நோய்ப் பதிவுகளை ஆராய்ந்து, 1953-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். லண்டனில் அப்போது ஓடியவை மாடிப் பேருந்துகள். ஓட்டுநர் பணி நேரம் முழுவதும் இருக்கையிலேயே இருந்தார். நடத்துநர் பயணச்சீட்டு கொடுப்பதற்காக நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கினார். ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே சம்பளம், ஒரே சமூகப் பின்னணி; ஆனாலும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு ஓட்டுநர்களைவிடக் குறைவாகவே வந்தது, வந்தவர்களிலும் உயிரிழந்தோர் குறைவாகவே இருந்தனர். அஞ்சல்துறையிலும் நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொண்டுசென்றவர்களுக்கும் மேசையில் அமர்ந்து எழுதியவர்களுக்கும் இடையே இதே வேறுபாடு தெரிந்தது.

இந்த ஆய்வில் நான் மிகவும் மதிப்பது, தங்கள் முடிவைத் தாங்களே சந்தேகித்த அவர்களுடைய நேர்மையை. உடல் பருத்தவர்கள்தாம் முதலிலேயே ஓட்டுநர் வேலையைத் தேர்ந்தெடுக்கிறார்களோ என்ற ஐயம் எழுந்தபோது, சீருடை தைப்பதற்காக எடுத்த அளவுகளைத் தேடிப் பிடித்து, கால்சட்டையின் இடுப்பளவை ஒப்பிட்டு 1956-இல் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். ஓட்டுநர்களின் இடுப்பு உண்மையிலேயே பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே இடுப்பளவு உள்ளவர்களை மட்டும் பிரித்து ஒப்பிட்டபோதும் ஓட்டுநர்களுக்கே நோய் கூடுதலாக இருந்தது. ஆகவே உடல்வாகு ஒரு பங்கு, உட்கார்ந்தே இருந்தது இன்னொரு பங்கு. மோரிஸ் 2009-இல் தம் 99-ஆம் வயதில் காலமானார்.

உங்கள் பேருந்தில் மாடி இல்லை என்பது சரி. ஆனால் வளைவுகளில் சாயும் வண்டியில் கம்பியைப் பிடிக்காமல், ஒரு கையில் பையும் மறு கையில் சீட்டுக்கட்டுமாக நின்ற உங்கள் நண்பரின் கால்கள் ஒவ்வொரு நாளும் சமநிலைப் பயிற்சி செய்துகொண்டே இருந்தன. உங்களுக்கு நோய் வந்ததற்கு ஓட்டுநர் வேலை ஒன்றுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. சர்க்கரை, இரத்த அழுத்தம், புகை, பரம்பரை எல்லாம் அதில் சேரும். ஸ்டென்ட் வைத்தவர்கள் நடக்கக்கூடாது என்று எண்ணி வீட்டோடு இருந்துவிடாதீர்கள். எவ்வளவு நடக்கலாம், எந்த வேகத்தில் நடக்கலாம் என்று உங்கள் இதய மருத்துவரிடம் கேட்டு, சமதளத்தில் தொடங்குங்கள்.

கேள்வி: என் மாமனாருக்கு வயது 83. குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறிவு இல்லை என்று படம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பயந்துபோய் மூன்று வாரமாகப் படுக்கையிலேயே வைத்திருக்கிறோம். இப்போது பிடித்துக்கொண்டாலும் எழுந்து நிற்க முடியவில்லை. “வயசாயிடுச்சு, இனிமே இப்படித்தான்” என்கிறார் என் கணவர். சத்துமாவுக் கஞ்சியும் முட்டையும் தவறாமல் கொடுக்கிறேன். வேறு என்ன செய்யலாம்?
– வாசகி, அஸ்தம்பட்டி

சகோதரி, உங்கள் கணவர் அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார் என்பது புரிகிறது. ஆனால் அந்தச் சொல்லைத்தான் இந்த ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்ப மறுத்து வந்திருக்கின்றன. மாமனாரை எழவிடாமல் செய்வதில் அவருடைய 83 ஆண்டுகளைவிடக் கடந்த மூன்று வாரங்களுக்குப் பெரிய பங்கு இருக்கலாம்.

1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், இருபது வயதுடைய ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அவர்களுடைய உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு கால் பங்குக்கும் மேல் குறைந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அதே ஐவரும் ஐம்பது வயதை எட்டிய நிலையில், மீண்டும் அழைத்து அளந்து பார்த்தார்கள். முப்பது ஆண்டு முதுமை செய்த சேதம், இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை செய்த சேதத்தைவிடக் குறைவாக இருந்தது. முதியவர்களுக்கு இழப்பு இன்னும் விரைவு: சராசரியாக 67 வயதான, நோயேதும் இல்லாத பன்னிரண்டு பேர் பத்து நாள் மட்டும் படுக்கையில் இருந்தபோது, கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்தார்கள் என்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இழந்ததை மீட்க முடியுமா என்பதற்கும் விடை இருக்கிறது. 1990-இல் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர், பாஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் இருந்த, 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களால் எடை தூக்கும் பயிற்சி அளித்தார். ஒருவர் இடையில் விலக, முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. பத்துக் கிலோ தள்ள முடிந்த கால் இருபத்தேழு கிலோ தள்ளும் அளவுக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறு வயதுத் தசையும் பயிற்சிக்குப் பதில் சொல்கிறது என்று அன்றுதான் மருத்துவ உலகம் ஐயமறத் தெரிந்துகொண்டது. 1994-இல் அவரே நூறு பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும். சிலருக்குப் பயிற்சி, சிலருக்கு ஊட்டச்சத்துப் பானம், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்ததில், பயிற்சி இல்லாமல் பானம் மட்டும் குடித்தவர்களின் கால்கள் வலுப்பெறவில்லை. கஞ்சியும் முட்டையும் தேவைதான், அவற்றை நிறுத்த வேண்டாம். ஆனால் அவற்றைத் தசையாக மாற்றும் வேலையைக் கால்தான் செய்ய வேண்டும்.

சேலம் பழைய பேருந்து நிலையத்தில் ஒரு பெரியவர் சிமெண்ட் பெஞ்சிலிருந்து எழுந்ததை ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். இரு கைகளையும் பெஞ்சில் ஊன்றினார். உடம்பை முன்னும் பின்னும் இருமுறை ஆட்டினார். மூன்றாவது உந்தலில் எழுந்தவர், வேட்டியைச் சரிசெய்வதுபோல ஒரு கணம் அப்படியே நின்றார். வேட்டி நன்றாகத்தான் இருந்தது. தலை சுற்றல் அடங்கத்தான் அவர் காத்திருந்தார். அந்தச் சில நொடிகளில் தொடைத் தசை, இரத்த அழுத்தம், சமநிலை மூன்றின் நிலையும் தெரிந்துவிடுகிறது. ஆராய்ச்சியாளர்களும் இதைத்தான் அளக்கிறார்கள்: கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முப்பது நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுகிறார்கள். எண்பது முதல் எண்பத்து நான்கு வயதுள்ள ஆணுக்குப் பத்துக்குக் குறைந்தால் விழும் ஆபத்து கூடுதல் என்று கொள்வது வழக்கம்.

மாமனாரை இன்றே எண்ணச் சொல்லிவிடாதீர்கள். முதலில் மருத்துவரிடம் ஒரு முறை காட்டி, இடுப்பெலும்பில் மயிரிழை விரிசல் எதுவும் இல்லை என்றும், இரத்த அழுத்த மாத்திரைகளால் எழுந்தவுடன் மயக்கம் வரவில்லை என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் படத்தில் தெரியாத விரிசல் பின்னர் தெரியவருவது உண்டு. அதன்பின் கட்டிலின் ஓரத்தில் கால் தொங்க உட்காரவையுங்கள். முழங்காலை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். உயரமான, கைப்பிடியுள்ள, நகராத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, ஒருவர் பக்கத்தில் நிற்க, ஐந்து முறை எழுந்து உட்கார்வதை இலக்காக வையுங்கள். அது எளிதான பிறகு நாற்காலியின் உயரத்தைக் குறையுங்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் இருக்கிறது; அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அவர் எழுந்து நடப்பதற்குள் குளியலறையில் பிடிமானக் கம்பியும் வழுக்காத தரையும் வந்துவிட வேண்டும்.

கேள்வி: காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர்ப் பாட்டிமார்கள் எழுபது வயதிலும் சுள்ளிக்கட்டோடு சரிவில் இறங்கி வருகிறார்கள். சேலத்திலிருந்து வரும் இளைஞர்களோ ஏறும்போது மூச்சு வாங்கினாலும் சமாளித்துவிடுகிறார்கள். இறங்கிய மறுநாள்தான் கால் வலிக்கிறது என்கிறார்கள். ஏறுவதுதானே கடினம்? இறங்கியதற்கு ஏன் வலி?
– தோட்டத் தொழிலாளர், நாகலூர், ஏற்காடு

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் தசையின் இயக்கத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை வண்டிக்குப் பிரேக் போடுவதுபோலச் செயல்படுகிறது: இழுவிசையை விடாமலே கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, உடம்பு சரிவில் பாய்ந்துவிடாமல் தடுக்கிறது. இப்படி நீண்டுகொண்டே வேலை செய்யும் தசை, சுருங்கும் தசையைவிடக் குறைந்த ஆக்சிஜனில் கூடுதல் விசையைத் தாங்கும். அதனால்தான் இறங்கும்போது மூச்சு வாங்குவதில்லை.

1952-இல் லண்டனில் அபட், பிக்லண்ட், ரிட்சி என்ற மூவர் இரண்டு மிதிவண்டிகளை ஒன்றுக்கொன்று பின்பக்கமாக ஒரே சங்கிலியில் இணைத்து இதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டினார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அந்த மிதியை எதிர்த்துத் தடுக்க வேண்டும். பலசாலியான ஓர் ஆண் வியர்த்துக்கொட்ட மிதித்தபோது, சிறிய உடல்வாகுள்ள ஒரு பெண் சிரமமே இல்லாமல் எதிர்த்து நின்றார்.

அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. பழக்கமில்லாத தசை அப்படி இழுபட்டு வேலை செய்தால், நுண்ணிய இழைகளில் சேதம் ஏற்பட்டு, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வலியும் விறைப்பும் உச்சத்துக்கு வரும். நல்ல செய்தி என்னவென்றால், ஒரே ஒரு முறை அந்த வேலையைச் செய்துவிட்டாலும் தசை அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த சில வாரங்களுக்குத் தன்னைப் பாதுகாத்துக்கொள்ளும். உங்கள் ஊர்ப் பாட்டிமார்கள் நாள்தோறும் இறங்குகிறார்கள்; அவர்களுடைய கால்கள் அந்தப் பாடத்தை மறக்கவே இடமில்லை. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மேலே ஏறி நடந்தே இறங்க நினைக்கும் சமவெளிக்காரர்கள், இரண்டு வாரத்துக்கு முன்பே வீட்டு மாடிப்படியில் இறங்கிப் பழகினால் மறுநாள் நொண்ட வேண்டியிருக்காது.

ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலையில் ஹைன்ஸ் டிரெக்செல் என்ற மருத்துவர் ஆரோக்கியமான, ஆனால் உடலுழைப்பு இல்லாத 45 பேரை இரண்டு மாதம் நடந்தே மலையேறிக் கம்பிவட ஊர்தியில் இறங்கவும், அடுத்த இரண்டு மாதம் ஊர்தியில் ஏறி நடந்து இறங்கவும் செய்தார். இருவகையிலும் கெட்ட கொழுப்பு குறைந்தது. இரத்தத்தில் சர்க்கரையைச் சமாளிக்கும் திறனை இறங்குவது மேம்படுத்தியது. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பைக் குறைத்ததோ ஏறுவதுதான். மூச்சுத்திணறலால் ஏற முடியாத முதியவருக்கும் இறங்குவது ஒரு வழியாக இருக்கலாம் என்பது இதிலிருந்து எனக்குத் தோன்றும் கருத்து. ஏற்காட்டுக்குப் பேருந்தில் வந்து, தோட்டத்துச் சாலையில் கொஞ்ச தூரம் இறங்கிவிட்டு மறுபடி பேருந்து பிடிக்கலாம். வாகனங்கள் திரும்பும் மலைப்பாதை வளைவுகளில் அதைச் செய்ய வேண்டாம்.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் மட்டும் நிதானிக்க வேண்டும். இறங்கும்போது மூட்டின் மீது விழும் சுமை மிகுதி. அவர்களுக்குப் பயன்படும் ஒரு கணக்கு உண்டு. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று, அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில், மூட்டுத் தேய்மானம் உள்ள 142 முதியவர்களை அளந்து 2005-இல் கண்டார்கள்.

கேள்வி: கைபேசியில் தினமும் பத்தாயிரம் அடி காட்டினால்தான் பயன் என்கிறார் என் மகன். மூக்கனேரிக் கரையில் எவ்வளவு சுற்றினாலும் ஆறாயிரத்தைத் தாண்டவில்லை. எனக்கு வயது 70.
– வாசகி, கன்னங்குறிச்சி

ஆறாயிரமே நல்ல கணக்கு, அம்மா. பத்தாயிரம் என்பது ஆய்வுக்கூடத்தில் பிறந்த எண் அல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றுக்குப் ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பெயர் வைத்ததிலிருந்து உலகம் முழுதும் பரவியது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஐ-மின் லீ, சராசரியாக 72 வயதுள்ள ஏறக்குறைய 17,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் எழுதியதில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. மகனிடம் இதைக் காட்டுங்கள். ஆனால் நடை மட்டும் போதாது. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வலியுறுத்தியிருக்கிறது. சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்பதிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி: நாற்பது ஆண்டாகக் குழித்தறியில் உட்கார்ந்து, காலால் மிதித்துக் கையால் நாடா ஓட்டுகிறேன். நாள் முழுதும் உடம்பு ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. எனக்கும் உடற்பயிற்சி சொல்கிறார்கள். உழைப்பவனுக்கு அது எதற்கு?
– நெசவாளர், அம்மாப்பேட்டை

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. நானும் முன்பெல்லாம், உழைப்பாளிக்கு உழைப்பே பயிற்சி என்றுதான் சொல்லிவந்தேன். மேலே சொன்ன லண்டன் நடத்துநர்களும் அதைத்தானே காட்டுகிறார்கள் என்று தோன்றும். ஆனால் டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளிவந்த ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது. ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்களுக்கு இதய நோயும் இறப்பும் குறைவு. வேலையில் கடுமையாக உழைத்தவர்களுக்கோ கூடுதல். இந்த முரண்பாட்டுக்கு வறுமை எவ்வளவு காரணம், உழைப்பு எவ்வளவு காரணம் என்று இன்னும் விவாதிக்கிறார்கள். ஆய்வாளர்கள் தரும் விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது: வேலையில் அசைவு நம் கையில் இல்லை. ஒரே அசைவு, ஒரே கோணம், எட்டு மணி, பத்து மணி நேரம், களைத்தாலும் நிறுத்த முடியாது, இதயம் இளைப்பாற இடைவெளி கிடையாது. நடத்துநருக்குப் படி ஏறுவதற்கும் நிற்பதற்கும் இடையே அந்த இடைவெளி இருந்தது.

குழிக்குள் கால் மிதிக்கிறது, ஆனால் இடுப்பு நிமிர்வதே இல்லை. முன்னால் வளைந்த தோள் பின்னால் விரிவதே இல்லை. ஆகவே உங்களுக்கு வேண்டியது இன்னும் உழைப்பு அல்ல. தறி கொடுக்காத அசைவுகள். பாவு மாற்றும் நேரத்தில், அல்லது மணிக்கொருமுறை, குழியை விட்டு ஏறி நின்று, இரு கைகளையும் பின்னால் கோத்து மார்பை விரித்து, இடுப்பைப் பின்புறம் சாய்த்து, தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். கூலிக்கு நெய்பவருக்கு ஐந்து நிமிடமும் காசுதான் என்பது தெரிந்தே சொல்கிறேன்.

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். மனித இயக்கத்தைப் பற்றிய இந்த ஆராய்ச்சியில் ஈடுபட என்ன படிக்கலாம்?
– மாணவி, ஓமலூர்

உயிரியல் படித்திருந்தால் இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பு ஒரு வழி. விளையாட்டில் நாட்டம் இருந்தால் உடற்கல்வி. 1920-இல் ஹாரி குரோ பக் நிறுவிய சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இந்தத் துறையில் பழமையானது, தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் சென்னைக்கு அருகில் இருக்கிறது. இயற்பியலில் ஆர்வம் இருந்தாலும் கதவு மூடவில்லை. மூட்டில் விழும் விசையைக் கணக்கிடுபவர்களில் பொறியாளர்கள் பலர். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைப் போல, ஓய்வு நேரத்தை மனிதர்கள் எப்படிக் கழிக்கிறார்கள் என்பதை ஆராயத் தனித் துறையே வைத்திருக்கும் இடங்களும் உண்டு.

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. காலையில் வாசலில் கோலம், மாலையில் எதிர் வீட்டுப் பாட்டியோடு பல்லாங்குழி. இடுப்பு வலிக்கும் என்று கோலத்தை நிறுத்தச் சொன்னேன்; கேட்கவில்லை. இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குதானே?
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

நிறுத்தச் சொல்லாதீர்கள். நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியான ஆய்வில், படிப்பது, பலகை விளையாட்டுகள் ஆடுவது, இசைக்கருவி வாசிப்பது, நடனமாடுவது ஆகிய பழக்கங்கள் உள்ளவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்தது. நோயின் தொடக்கத்திலேயே சிலர் விளையாட்டை விட்டிருக்கலாம் என்பதால், விளையாட்டுத்தான் காத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். பல்லாங்குழியில் அடுத்த குழியில் எத்தனை முத்து இருக்கிறது என்று அம்மா மனத்துக்குள் எண்ணுகிறார். எதிரில் பேச ஒருவர் இருக்கிறார். இரண்டும் சிறிய விஷயங்கள் அல்ல.

கோலத்தைப் பொறுத்தவரை, பிரேசிலில் கிளாடியோ அராஹோ என்ற மருத்துவர் 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் இட்டார். உட்கார ஐந்து, எழ ஐந்து. கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் குறையும். மதிப்பெண் குறைந்தவர்களே அடுத்த ஆண்டுகளில் கூடுதலாக இறந்தார்கள் என்று 2012-இல் எழுதினார். உங்கள் அம்மா ஒவ்வொரு காலையும் வாசலில் அந்தத் தேர்வைத்தான் எழுதுகிறார். நாளைக் காலை சற்று முன்னதாக எழுந்து, அவருக்குத் தெரியாமல் பாருங்கள்: முதல் புள்ளி வைக்கும்போது குந்துகிறாரா, இடுப்பை மட்டும் வளைக்கிறாரா, கடைசி இழையை முடித்து எழும்போது கை எங்கே ஊன்றுகிறது? இடுப்பை மட்டும் வளைக்கிறார் என்றால், ஒரு காலை முன்வைத்து முழங்காலையும் மடக்கிப் போடச் சொல்லுங்கள். பார்த்ததை அடுத்த கடிதத்தில் எனக்கு எழுதுங்கள்.